சீதக்காதி என்னும் பெயர்: ஷெய்கா, செய்யிதா, காஜியா?

சூலியாத் தெரு (தொடக்கப் பதிவு, வெள்ளி இரவு 10.15)

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும்.

என் மகன் வீட்டில் அடுத்த மாதம் முதல் பிள்ளை பிறக்க இருக்கிறது. ஆண் பிள்ளை என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டதால், என் வாப்பாவின் வாப்பா பெயரை வைக்கலாமா என்ற பேச்சு எழுந்திருக்கிறது. அவர் பெயர் சீதக்காதி. இராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து கப்பலேறிப் பினாங்குக்கு வந்து, சூலியாத் தெருவில் கயிறும் மிளகும் விற்று, இங்கேயே மௌத்தாகி அடக்கமானவர். அவருக்குப் பிறகு இந்தத் தீவில் அப்பெயரோடு இன்னொருவரை நான் சந்தித்ததில்லை.

பெயருக்குப் பொருள் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மருமகள் வீட்டார் 'காதி' என்பது காஜியின் திரிபு, நிக்காஹ் நடத்திவைக்கும் தோக் காடியைத்தான் அது குறிக்கிறது என்று அடித்துச் சொல்கிறார்கள். என் தங்கை மாப்பிள்ளை, நபிகள் வழிவந்தோருக்குரிய பட்டமான 'செய்யிது'தான் 'சீத' ஆயிற்று என்கிறார். எங்கள் பணமாற்றுக் கடைக்குப் பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கும் நண்பரோ, "சீதம் என்றால் குளிர்ச்சி பாய், குளிர்ந்த மனமுடையவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்" என்று தமிழிலேயே கணக்கை முடித்துவிட்டார்.

1948-இல் மலாயாவில் அவசரகாலத்தின்போது முதன்முதலாக அடையாள அட்டை கொடுத்தார்கள் அல்லவா, அப்போது எழுத்தர் காதில் விழுந்ததை அப்படியே ஆங்கில எழுத்தில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே தொல்லை. ஒரு மருத்துவமனை முகப்பில் பெயர் கூப்பிடும் பெண் அந்த எழுத்துகளைப் பார்த்து "சித்தி கதீஜா" என்று அழைக்க, தாடியும் தொப்பியுமாக இவர் எழுந்து நின்ற கதையை வாப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய மீசான் கல்லில், அதாவது அடக்கத்தலத்தில் நட்ட கல்லில், பெயர் அரபு எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. கடைசிச் சொல் 'அல்காதிர்' என்பது எனக்கே தெரிகிறது. முதற்சொல்தான் பிடிபடவில்லை, ஆண்டுதோறும் நோன்புக்கு முன் வெள்ளையடித்து வெள்ளையடித்துப் புள்ளிகள் எல்லாம் அடைந்துபோய்விட்டன. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் வாத்தியார் (சனி காலை 8.02)

சூலியாத் தெரு ஐயாவுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் எடுத்தவன் என்ற முறையில் முதலில் குளிர்ச்சியை ஒதுக்கிவிடுகிறேன். சீதம் வடமொழிவழி வந்த சொல். அதை முன்னே வைத்தால் பின்னே வரும் 'காதி'க்குப் பொருள் எங்கே போய்த் தேடுவது? பூக்கடை நண்பர் பாதிப் பெயருக்குத்தான் பொருள் சொல்லியிருக்கிறார்.

இது தமிழ்நாட்டில் பெயர் தெரியாதவர் இல்லாத கீழக்கரை வள்ளலின் பெயர். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்ற பழமொழியைப் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவருடைய இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர்; ஷெய்கு என்பது பெரியவர், ஆசான் என்னும் மதிப்புப் பட்டம். அந்த நீளப் பெயர் தமிழர் வாயில் உருண்டு உருண்டு கூழாங்கல்லாகி வந்ததே சீதக்காதி. எப்படி உருண்டது என்பதை, நாம் அன்றாடம் பேசும் சொற்களைக் கொண்டே காட்டலாம்.

'அப்து' என்பதில் உள்ள ப்+த் கூட்டு தமிழ் நாவுக்கு ஒத்துவராது. சப்தத்தைச் சத்தம் ஆக்கியவர்கள் நாம். அப்துவை அத்து ஆக்க எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்து 'துல் காதிர்'. நில் என்பதோடு க சேர்ந்தால் ஏட்டில் நிற்க, வாயில் நிக்க; அதே கதியில் 'துல்கா' என்பது 'துக்கா' ஆகிவிடும். கடைசியில் நிற்கும் ரகர ஒற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்: தண்ணீரைத் தண்ணி என்றும், இளநீரை எளனி என்றும் சொல்கிறவனுக்குக் காதிர் காதிதான். ஆக, ஷெய்கு அத்துக்காதி என்பது செய்தக்காதியாகி, பேச்சில் சீதக்காதி ஆயிற்று. வள்ளலைப் பற்றிய பழைய நொண்டி நாடகத்தின் (காலிழந்த ஒருவன் தன் கதையைச் சொல்லும் நாடக வகை) தலைப்பே 'செய்தக்காதி' என்றுதான் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். அந்த இடைப்பட்ட வடிவம் ஏட்டில் தங்கியிருப்பதால்தான் நம்மால் இவ்வளவு உறுதியாகப் பின்னோக்கி நடக்க முடிகிறது.

மஸ்ஜித் இந்தியா மரைக்கான் (சனி காலை 11.40)

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். வாத்தியார் ஐயா சொன்னதோடு, எங்கள் ஊர்க்காரன் என்ற உரிமையில் கொஞ்சம் சேர்க்கிறேன்.

பெரியதம்பி மரைக்காயர் என்றும் அவருக்குப் பெயர். கடல் வணிகத்தில் பெருஞ்செல்வம் சேர்த்தவர், இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய நண்பர். உமறுப்புலவரைச் சீறாப்புராணம் பாடத் தூண்டி ஆதரித்தவர் அவரே; காவியம் முடிவதற்குள் அவர் காலமாகிவிட, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அந்தப் பொறுப்பை ஏற்றார். பழமொழியின் கதை எல்லோருக்கும் தெரியும்: பரிசு நாடி வந்த படிக்காசுப் புலவர், வள்ளல் இறந்த செய்தி கேட்டு அடக்கத்தலத்திலேயே புலம்ப, கல்லறை பிளந்து மோதிரக் கை வெளியே நீண்டதாம். இது கதைதான், ஆனால் ஒரு மனிதர் எவ்வளவு கொடுத்திருந்தால் அவரைப் பற்றி இப்படியொரு கதை கட்டுவார்கள் என்று எங்கள் உம்மம்மா கேட்பார்.

சூலியாத் தெரு காக்கா (எங்கள் பேச்சில் அண்ணன்), உங்கள் பாட்டனார் எங்கள் கரையிலிருந்து வந்தவர் என்றால், அவருக்கு வள்ளலின் பெயரை வீட்டார் வேண்டுமென்றே வைத்திருக்கலாம். அல்லது ஷெய்கு அப்துல் காதிர் என்று ஓதிப் பெயர் வைத்து, கூப்பிடும்போது சீதக்காதி என்று கூப்பிட்டிருக்கலாம். இரண்டுக்கும் அரபு மூலம் ஒன்றே.

நாகூரார் பேரன் (சனி மாலை 5.26)

மரைக்காயர் நண்பர்கள் எல்லாவற்றையும் கீழக்கரைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறீர்கள்; சற்று வடக்கேயும் பாருங்கள். நாகூர் ஆண்டகை ஷாஹுல் ஹமீது பாதுஷா நாயகத்தின் முழுப்பெயர் செய்யிது அப்துல் காதிர் ஷாஹுல் ஹமீது. அவர்கள் பெயரால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்த தர்கா, இவர் கடை இருக்கும் அதே சூலியாத் தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் முனையில் நிற்கிறது. கப்பலேறுமுன் நாகூராருக்கு நேர்ச்சை வைத்துவிட்டு வந்த தலைமுறை அது. அப்படிப்பட்டவர் வீட்டில் செய்யிது அப்துல் காதிர் என்று பெயர் வைத்திருக்க மாட்டார்களா?

வாத்தியார் ஐயாவின் சத்தமும் தண்ணியும் எனக்குப் பிடித்திருந்தன. ஆனால் ஷெய்கில் உள்ள ககரம் எங்கே போயிற்று என்பதை ஐயா சொல்லாமலே கடந்துவிட்டார். செய்யிது என்று வைத்துக்கொண்டால் ஒன்றையும் தொலைக்க வேண்டாம். 'செய்த' என்பதிலுள்ள தகரம் செய்யிதிலேயே இருக்கிறது.

பட்டர்வொர்த் வாத்தியார் (சனி மாலை 6.10)

பிடித்துவிட்டீர்கள். மகன் என்பது மவன் ஆவதுபோல், இரண்டு உயிருக்கு நடுவே அகப்பட்ட ககரம் தேய்வது தமிழில் உண்டு என்பதே என் விடை. ஆயினும், ஒலியை மட்டும் தராசில் வைத்தால் உங்கள் செய்யிதுக்குத்தான் எடை கூடுதல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கீழக்கரை வள்ளலைப் பொறுத்தவரை அவர் ஷெய்கு என்பது வரலாறு. ஐயாவின் பாட்டனாருக்கு எது என்பதை இலக்கணத்தால் முடிவு செய்ய இயலாது.

தஞ்சோங் தோக்கோங் ஆலிமா (சனி இரவு 9.33)

அஸ்ஸலாமு அலைக்கும். பெண் பிள்ளைகளுக்கு மத்ரஸாவில் அரபு கற்பிக்கிறேன். இந்த இழையில் இதுவரை அரபு பக்கத்திலிருந்து யாரும் பேசவில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தோக் காடியை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நீதிபதி என்னும் பொருளுள்ள காளி என்ற அரபுச் சொல்லின் நடுவே இருப்பது 'ளாத்' எழுத்து. காதிர் என்பதன் நடுவே இருப்பது 'தால்'. தமிழ் முஸ்லிம்களின் நாவில் ளாத் எப்படி வருகிறது என்று பாருங்கள்: ரமழான் அல்லது ரமலான், ஃபர்ளு, ஒளு, காழி, உருது வழியாக வந்தால் காஜி. எதிலும் தகரம் இல்லை. மலாய்க்காரர்களோ ளாத்தையும் தாலையும் ஒரே டகரமாகச் சொல்லி, ரமடான், ஃபர்டு, காடி என்கிறார்கள். மருமகள் வீட்டார் தமிழ்ப் பெயரை மலாய்க் காதால் கேட்டிருக்கிறார்கள். பினாங்கில் பிறந்து வளர்ந்தால் இது எனக்கும் நடக்கும். காஜி என்பதே மூலமாக இருந்திருந்தால் உங்கள் பாட்டனார் சீதக்காழியாகத்தான் இருந்திருப்பார்.

காதிர் என்பதன் வேர் காஃப், தால், ரா ஆகிய மூன்று எழுத்துகள். அளத்தல், ஆற்றல் என்னும் இரண்டு பொருளும் அந்த வேருக்குள் இருக்கின்றன. அளவிட்டு விதித்தது கத்ர்; லைலத்துல் கத்ர் இரவின் பெயர் அதிலிருந்து வந்தது. அல்காதிர் என்றால் எதையும் செய்ய ஆற்றலுள்ளவன். அல்லாஹ்வின் திருநாமங்களில் ஒன்று. குர்ஆனில் அல்அன்ஆம் அத்தியாயத்தின் 65-ஆம் வசனத்தில் இச்சொல் வருகிறது. மலாயில் விதியைத் தக்டிர் என்பதும், விகிதத்தைக் காடார் என்பதும் இதே வேரிலிருந்து வந்தவை. சூலியாத் தெரு பாய் தம் பணமாற்றுக் கடையில் காலைதோறும் துடைத்து எழுதும் 'காடார் பெர்துக்காரான்' (மாற்று விகிதம்) பலகையில், அவர் பாட்டனார் பெயரின் வேர் இத்தனை காலமாகக் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருக்கிறது.

அப்து என்றால் அடிமை. அப்துல் காதிர், ஆற்றல் மிக்கவனின் அடிமை. நம்மவர்களிடையே இப்பெயர் பரவியதற்குக் காரணம் பக்தாதில் வாழ்ந்து 1166-இல் மறைந்த முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி நாயகம். அவர்கள் நினைவாக ரபீயுல் ஆகிர் மாதத்தில் மௌலித் என்னும் புகழ்ப்பாடல் ஓதாத தமிழ் முஸ்லிம் ஊர் அக்காலத்தில் அரிது. காதர், மைதீன், மொய்தீன், காதர் மைதீன் என்று வீட்டுக்கு வீடு கேட்கும் பெயர்களெல்லாம் அந்த ஒரு பெயரின் துண்டுகள். 1801-இல் பினாங்கில் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலோடு இணைத்துச் சொல்லப்படும் காதர் மொய்தீனின் பெயரும் அதுவே. ஆங்கிலேயர் அதை சி, ஏ, யூ, டி, இ, ஆர் என்று எழுதிவைத்தார்கள். அவர் வழிவந்தோர் பெயரோடு ஒட்டிய 'மெரிக்கான்' என்பது நம் மரைக்காயர்தான்.

இந்தப் பெயரில் என் மனத்தைத் தொட்டது வேறொன்று. காதர் என்று மட்டும் கூப்பிடும்போது அப்து கழன்று விழுந்துவிடுகிறது. அடிமை போய் ஆண்டவன் பெயர் மட்டும் மிஞ்சுகிறது. அர்ரஹ்மான், அல்காலிக் போன்ற பெயர்களை அப்து இல்லாமல் மனிதருக்கு இடக்கூடாது என்பதில் மார்க்க அறிஞர்களான உலமாக்கள் கண்டிப்பானவர்கள். காதிர் பொதுவாக ஆற்றலுள்ளவன் என்ற பொருளிலும் வருவதால் அவ்வளவு கடுமை இல்லை; இருந்தாலும் அப்து இருப்பதே அழகு. வாத்தியார் ஐயாவின் கணக்கு சரி என்றால், சீதக்காதியின் நடுவே இருக்கும் அந்த ஒற்றைத் தகரம் அப்துவின் மிச்சம். காதர் என்ற பெயரில் காணாமல்போன அடிமை, இவ்வளவு தேய்ந்த பெயரில் ஓர் எழுத்தாக உட்கார்ந்திருக்கிறான். நாகூரார் பேரன் சொல்வது சரி என்றால், அந்தத் தகரம் செய்யிதுடையது. அப்து அடியோடு போய்விட்டது. ஆகவே ஷெய்கா, செய்யிதா என்பது எனக்கு வெறும் ஊர்ப்பெருமைச் சண்டையாகத் தோன்றவில்லை.

இனிக் கல்லுக்கு வருவோம். புள்ளிகள் இல்லாமலும் அந்த முதற்சொல்லைப் படிக்கலாம். ஷீனுக்கும் ஸீனுக்கும் உருவம் ஒன்றே, மேலுள்ள மூன்று புள்ளிகளே வேறுபாடு. அவை அடைந்துவிட்டன என்கிறீர்கள். அடுத்து வரும் யே இரண்டு சொல்லுக்கும் பொது. கடைசி எழுத்தைப் பாருங்கள். செய்யிது என்றால் அங்கே தால் இருக்கும். அது கோட்டின் மேலேயே மடங்கி உட்காரும் சிறு முழங்கை. ஷெய்கு என்றால் கடைசியில் ஃகே இருக்கும். அதன் வயிறு கோட்டுக்குக் கீழே இறங்கி, அரிவாள்போல் வளைந்து திரும்பும். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அந்த வயிறு மறையாது. உச்சி வெயிலில் போகாதீர்கள், எழுத்து தெரியாது. மாலையில் வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழும் நேரத்தில் போங்கள். சுரண்ட வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

ஆயர் ஈத்தாம் உம்மா (ஞாயிறு காலை 7.50)

அறிஞர்கள் நடுவில் ஒரு சாதாரணத் தாயின் கருத்தையும் கேளுங்கள். இரண்டு பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்தவள் நான். சான்றிதழில் எழுதும் எழுத்துதான் பிள்ளையோடு பள்ளிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போகும். சீதக்காதியை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதினாலும், இந்நாட்டில் எஸ், ஐ, டி என்று தொடங்கியதைப் பார்த்தவுடன் கண் 'சித்தி' என்று படித்துவிடும்; அது பெண்பிள்ளைப் பெயர். உங்கள் பாட்டனார் மருத்துவமனையில் எழுந்து நின்றபோது அவருக்குத் தாடியாவது இருந்தது. ஏழு வயதுப் பையன் வகுப்பில் எழுந்து நிற்க வேண்டியிருக்கும்.

பதிவில் முழு அரபுப் பெயரையும், வீட்டில் சீதக்காதியையும் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே.

நாகூரார் பேரன் (ஞாயிறு காலை 9.15)

ஆலிமா சொன்னதை ஏற்கிறேன். கல் என்ன சொல்கிறதோ அதற்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் வீட்டுப் பெயர் பற்றி ஒரு வார்த்தை: வீட்டில் மட்டும் வைத்த பெயர்கள் இரண்டு தலைமுறைகூடத் தாங்குவதில்லை என்பதை என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

மஸ்ஜித் இந்தியா மரைக்கான் (ஞாயிறு பிற்பகல் 2.20)

வள்ளல் பெயரும் அப்படித்தானே நின்றது நண்பரே? அவர் காலத்து ஏடுகளில் ஷெய்கு அப்துல் காதிர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ஊர் வாய் தேய்த்த பெயர்தான் இன்றைக்கும் பழமொழியில் இருக்கிறது.

சூலியாத் தெரு (ஞாயிறு இரவு 9.05)

இப்போதுதான் கபுறுஸ்தானிலிருந்து திரும்பினோம். அஸர் தொழுகை முடிந்து நானும் மகனும் போனோம். ஆலிமா சொன்னபடியே ஒரு போத்தல் தண்ணீரும் பழைய கைலித் துண்டும் எடுத்துக்கொண்டோம்.

நனைத்துத் துடைத்ததும் வெள்ளைப் பூச்சு சாம்பல் நிறமாகி, எழுத்தின் பள்ளங்கள் கறுப்பாக எழுந்தன. முதலில் ஸீனோ ஷீனோ, மூன்று பற்கள். அவற்றுக்கு அடுத்து ஒரு சின்னப் பல். அதன்பின் கல் வெட்டியவர் கையை நன்றாகவே வீசியிருக்கிறார்: வயிறு கோட்டுக்குக் கீழே இறங்கி, அடுத்த வரியில் உள்ள ஹிஜ்ரி ஆண்டின் தலையைத் தொடுமளவுக்கு வளைந்து நிற்கிறது. ஃகேதான். மகன் கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தபோது, ஷீனின் மூன்று புள்ளிகளில் ஒன்றும் குழியாகத் தட்டுப்பட்டது. இரண்டாம் சொல்லாக அப்து முழுமையாக இருக்கிறது. ஐனின் வாய்கூட மங்கவில்லை. ஷெய்கு அப்துல் காதிர். நாகூரார் பேரன் அவர்கள் மன்னிக்க வேண்டும். வருகிற கந்தூரிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு சட்டி நெய்ச்சோறு உண்டு.

ஆயர் ஈத்தாம் தங்கை சொன்னதை மருமகளிடம் படித்துக் காட்டினேன். பதிவில் ஷெய்கு அப்துல் காதிர், 'பின்' (இன்னாரின் மகன்), என் மகன் பெயர் என்று முடிவாயிற்று. பிள்ளை பிறந்ததற்கு வைக்கும் அகீக்கா விருந்தின் அழைப்பிதழில் தமிழில் சீதக்காதி என்று போடுவோம். நான் பணம் கொடுத்து அச்சடிக்கும் அழைப்பிதழ் என்பதால் அதில் யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை.

மருமகளின் உம்மாவுக்கு மட்டும் இன்னும் மனம் சமாதானமாகவில்லை. பிள்ளையைத் தாம் 'தோக் காடி' என்றுதான் கொஞ்சப் போவதாகச் சொல்லிவிட்டார்.